செவ்வாய்க்கிழமைக் கோப்பை

எங்கள் நிமிஷத் தம்பிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிளே சந்தேகம்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைக்காத நாளில் வாந்தி எடுத்துவிடுவான். ஆனால் கார் பந்தயம் என்று வாயைத் திறந்தால் போதும், எந்த வளைவில் எவன் எவ்வளவு தாமதமாக பிரேக் போட்டான் என்று பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனவன் மாதிரி சொல்வான். அவனைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் தையல்காரி. எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. ஆனாலும் ஒருவனுக்குச் சொல்ல வேண்டிய நன்றியைச் சொல்லாமல் வைத்துக்கொண்டிருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

அவன் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் டெக்னீசியன். சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்ட எங்களைப் போன்றவர்களின் ரத்தத்தை மெஷினுக்குள் ஓடவிட்டு, கழுவி, உடம்பில் தேங்கிய நீரையும் இழுத்து எடுத்துவிட்டு, ரத்தத்தைத் திரும்ப உள்ளே அனுப்புகிற வேலை. செவ்வாய், வியாழன், சனி மதியம் எங்கள் நாலு பேருக்கும் அவன்தான் பொறுப்பு. எதைக் கேட்டாலும் "ஒரு நிமிஷம்" என்பான். அந்த ஒரு நிமிஷத்துக்குள் ஒரு வாளி துணியைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்துவிடலாம். அதனால்தான் அவனுக்கு அந்தப் பெயர்.

அறை லிஃப்டுக்குப் பக்கத்தில், தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கிறது. நாலு படுக்கை, நாலு மெஷின். கதவருகே, உடம்பில் எவ்வளவு நீர் ஏறியிருக்கிறது என்று எடை பார்க்கும் மெஷின். சுவரில் உயரமாக ஒரு டிவி, அதன் ரிமோட்டுக்குப் பின்மூடி கிடையாது, பேட்டரியை பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருப்பார்கள். கதவைத் திறந்ததும் புளித்த வினிகர் மாதிரி ஒரு மருந்து வாசனை முகத்தில் அடிக்கும். முதல் நாள் அந்த வாசனைக்கே நான் திரும்பிப் போகப் பார்த்தேன். என் வீட்டுக்காரர்தான் முதுகில் கையை வைத்து உள்ளே தள்ளினார்.

இரண்டு மாதம் போனேன், மெஷினில் ஏறியதும் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு கிடப்பேன், அறையில் யார் என்ன செய்தார்கள் என்று கவனித்ததே இல்லை. பிறகு போதும் என்று முடிவு செய்துவிட்டேன். ஊசி வலிக்காகவோ நாலு மணி நேரம் அசையாமல் கிடப்பதற்காகவோ இல்லை. அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். தண்ணீர்தான் என்னால் முடியவில்லை. நாள் முழுக்கக் குடிக்க ஒரு சின்ன பாட்டில் அளவு, அதற்குள்தான் காப்பியும் குழம்பும் மாத்திரைக்குக் குடிக்கும் மடக்கும் அடக்கம். கடையில் துணிக்குத் தண்ணீர் தெளித்து இஸ்திரி போடும்போது, அந்தத் தெளிப்பானையே வாயில் வைத்துக்கொள்ளலாமா என்று நாக்கு கேட்கும். கனவில்கூடக் குழாயடிதான். சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் நடுவே இடைவெளி அதிகம். செவ்வாய்க்கிழமை காலையில் முகம் வீங்கி, மூச்சு கனத்து, செருப்பு காலில் நுழையாது. 'இப்படி ஒரு பிழைப்பு எதற்கு?' என்று தோன்றிவிட்டது. நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். சில வாரம், அவ்வளவுதான். 'சரி, சில வாரமே போதும், ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டுப் போய்ச் சேருகிறேன்' என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டேன்.

அன்று சனிக்கிழமை. இதுதான் கடைசி என்று வரும் வழியிலேயே வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தேன். அவர் கீழேயே உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் மேலே போய்ப் படுத்தேன். கீழே போய்விட்டுத் தாமதமாக வந்த நிமிஷத் தம்பி என் கையை எடுத்து, ஊசி போடும் இடத்தில் விரல்களை வைத்துப் பார்த்தான். அந்த இடத்தில் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். தொட்டால் தோலுக்கு அடியில் ஒரு உறுமல் தெரியும். "இன்ஜின் நல்லா ஓடுது அக்கா" என்றான். எப்போதும் சொல்வதுதான். அன்று அதற்கு மேலும் ஒன்று கேட்டான்.

"அக்கா, நாளைக்குப் பந்தயத்துல யாரு ஜெயிப்பான்?"

"எவன் ஜெயிச்சா எனக்கென்ன? போடுற ஊசியைப் போடு."

"நீங்க சொல்லாம ஊசி போட மாட்டேன். மத்த மூணு பேரும் சொல்லியாச்சு. இத்தனை நாள் புதுசாச்சேன்னு உங்களை விட்டு வெச்சிருந்தோம்."

மற்ற மூன்று பேரும் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்கள். பக்கத்துப் படுக்கை டாக்சி அண்ணன். வாழ்நாள் முழுக்க டாக்சி ஓட்டியவர் என்பதால், உலகத்தில் சக்கரம் வைத்த எல்லாவற்றுக்கும் தானே அதிகாரி என்று நினைப்பு. அடுத்தவர் கணக்கு வாத்தியார். ஓட்டுநரின் வயது, காற்று, மழை எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒரு பெயரைச் சொல்வார். அவர் சொன்னவன் முதல் சுற்றிலேயே சுவரில் முட்டிக்கொள்வான். ஜன்னலோரத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண். பேசவே மாட்டாள். ஹெல்மெட்டின் நிறத்தைப் பார்த்து ஒருவனைத் தேர்ந்தெடுப்பாள், அவன்தான் பெரும்பாலும் முன்னால் வருவான். இதில் வாத்தியாருக்கு ஏகப்பட்ட வயிற்றெரிச்சல்.

விதி இதுதான். சனிக்கிழமை ஊசி ஏறுவதற்கு முன் ஆளுக்கு ஒரு ஓட்டுநரைச் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தை அவரவர் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். நாலு பேரில் யாருடைய ஆள் மற்றவர்களின் ஆட்களைவிட முன்னால் வந்தானோ, அவர்தான் ஜெயித்தவர்.

"கடைசியா எவன் வருவானோ அவனைப் போட்டுக்கோ" என்றேன் எரிச்சலில்.

டாக்சி அண்ணன் குலுங்கிச் சிரித்ததில் கை அசைந்து அவருடைய மெஷின் கீச்சென்று கத்தியது. "அது பச்சை வண்டிக்காரன்மா! நாங்க அவனை மாப்பிள்ளைன்னு கூப்பிடுவோம். எல்லாரும் வந்து உக்காந்தப்புறம்தான் அவர் வருவார்."

"வந்துட்டுப் போறான். ஜெயிச்சா என்ன குடுப்பீங்க, நாலு முழம் பிளாஸ்திரியா?"

"ஒரு கிளாஸ் தண்ணி" என்றான் நிமிஷத் தம்பி.

கேலி செய்கிறான் என்று நினைத்து எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அவன் சிரிக்கவில்லை. "நெஜமாத்தான் அக்கா. டாக்டர்கிட்ட அனுமதி வாங்கி வெச்சிருக்கேன். மெஷின்ல இருக்கறப்போ குடிச்சா, அந்த ஒரு கிளாஸையும் சேர்த்து மெஷினே இழுத்துடும். விளிம்பு வரைக்கும், ஐஸ் போட்டு. அளவு, கணக்கு ஒண்ணும் கிடையாது."

"எப்போ?"

"செவ்வாய்க்கிழமை."

திருட்டுப் பயல். செவ்வாய்க்கிழமைதான் நாங்கள் வராமல் இருக்கப் பார்க்கும் நாள் என்று அவனுக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை என் மாப்பிள்ளை சொல்லி வைத்த மாதிரி கடைசியாகத்தான் வந்தான். ஆனாலும் செவ்வாய்க்கிழமை நான் போனேன். அடுத்தவர் குடிப்பதையாவது பார்க்கலாம் என்று போனேன், வேறு காரணம் எதுவும் இல்லை.

அந்த ஒரு கிளாஸுக்கு அவர்கள் வைத்த பெயர் செவ்வாய்க்கிழமைக் கோப்பை. அது எப்படி வந்தது என்பதை டாக்சி அண்ணனே சொன்னார். முன்பெல்லாம் சும்மா பேச்சுக்குத்தான் ஆருடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஆள் ஜெயித்து, மேடையில் பாட்டிலைக் குலுக்கிப் பீய்ச்சி அடித்திருக்கிறான். அண்ணனுக்குக் கை சும்மா இருக்குமா? வீட்டில் இருந்த பெரிய சோடா பாட்டிலைக் குலுக்கி, மனைவி மேல் பாதியை அடித்துவிட்டு, மீதியை ஒரே மூச்சில் குடித்துவிட்டார். மறுநாள் மூச்சு விட முடியாமல் ஆம்புலன்ஸில் வந்து சேர்ந்தார். "சொன்னா நம்ப மாட்டீங்க, ஜெயிச்சவன் அவன், ஆம்புலன்ஸ்ல போனது நான்" என்பார். பந்தயம் பார்க்கக் கூடாது என்று டாக்டர் தடைபோடக் கிளம்பிவிட்டார். நிமிஷத் தம்பிதான் குறுக்கே புகுந்து, "கொண்டாடணும்னா மெஷின்ல வந்து கொண்டாடட்டும் சார், நான் பாத்துக்கறேன்" என்று கெஞ்சிக் கூத்தாடி சம்மதம் வாங்கியிருக்கிறான்.

அப்புறம் எங்கள் வாரமே அதை வைத்துத்தான் ஓடியது. செவ்வாய்க்கிழமை பிரேதப் பரிசோதனை. வாத்தியாரின் கணக்கு எங்கே உதைத்தது, டயரை மாற்ற நின்ற இடத்தில் எந்தப் பயல் நட்டைக் கீழே போட்டான் என்று ஆளுக்கு ஆள் பிரித்து மேய்வோம். வியாழக்கிழமை ஊர்வம்பு. எந்த ஓட்டுநர் எந்த அணிக்குப் போகப் போகிறான், யாருக்கு யாரோடு ஆகவில்லை. கல்யாணத் தரகர்கள்கூட அவ்வளவு குடும்ப விவரம் வைத்திருக்க மாட்டார்கள். சனிக்கிழமை ஆருடம். கார் என்றால் நாலு சக்கரம் என்பதற்கு மேல் எதுவும் தெரியாத நான், என் கடைக்கு வருகிறவர்களிடம் அளவு எடுத்துக்கொண்டே "ஈர ரோட்டுல அந்த டயர் போடக் கூடாதும்மா" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் மழை கொட்டியது. வாத்தியாரின் ஆள் வழக்கப்படி முதல் சுற்றிலேயே சுவரில் முட்டிக்கொண்டான். டாக்சி அண்ணனின் ஆளும் ஜெராக்ஸ் பெண்ணின் ஆளும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு புல்தரையில் போய் நின்றார்கள். என் மாப்பிள்ளை யாரோடும் வம்புக்குப் போகாமல் மெல்ல உருட்டிக்கொண்டு வந்து ஏழாவதாகச் சேர்ந்தான். எங்கள் வீட்டுக்காரர் சோபாவை விட்டு எழுந்து, "ஏய், உன் ஆளு, உன் ஆளு!" என்று கத்தினார். ஏழாவது வந்ததற்கு அப்படிக் குதித்த குடும்பம் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை நிமிஷத் தம்பி கிளாஸைக் கொண்டுவந்தான். வெளியே முத்து முத்தாக வியர்த்திருந்தது. ஐஸ் கட்டிகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. மற்ற மூவரும் கிளாஸையே பார்த்தார்கள். வெறுமே உதட்டை நனைத்து நனைத்துப் பழகிய எனக்கு, முழு மடக்கு எப்படிக் குடிப்பது என்பதே ஒரு கணம் மறந்துபோயிருந்தது. குடித்தேன். தொண்டையில் இறங்கியது, நெஞ்சில் இறங்கியது, வயிற்றில் போய் நின்ற இடம்கூடத் தெரிந்தது. கடைசியில் ஐஸையும் கடித்துத் தின்றேன். யாரும் "மெதுவா" என்று சொல்லவில்லை. கண்ணில் நீர் வந்தது. "அதையும் எடையில சேத்துக்கோடா" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே ரத்த அழுத்தம் பார்த்தான். நான் அண்ணாந்து குடித்துவிட்டுச் சாகலாம் என்று நினைத்தது இந்தத் தண்ணீரைத்தான், அதைக் குடித்துவிட்டு உயிரோடு படுத்திருக்கிறேன் என்று தோன்றியது. கடவுள் எனக்கு நேரில் ஒன்றும் தந்ததில்லை. இவன் தந்தான். அதை அன்றைக்கே அவனிடம் சொல்லியிருக்க வேண்டும்.

சில மாதங்கள் கழித்து ஒரு வியாழக்கிழமை பெரிய செய்தி வந்தது. மாப்பிள்ளை பச்சை அணியை விட்டு அடுத்த வருடம் வெள்ளை அணிக்குப் போகிறானாம். அறை இரண்டுபட்டது.

"நன்றி கெட்டவன்" என்றார் டாக்சி அண்ணன். "யாருமே சீண்டாத காலத்துல சீட்டு குடுத்தது பச்சைக்காரங்க. உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சும்மாவா சொன்னாங்க?"

"உப்பைப் பத்தி இந்த ரூம்ல பேசாதீங்க" என்றார் வாத்தியார். உப்பு எங்கள் யாருக்கும் கிடையாது. "நல்ல வண்டி கிடைச்சா போகத்தான் வேணும். அவனுக்கும் வயசாகுதில்ல?"

என் ஆள் ஆயிற்றே, நான் விடுவேனா? "அவன் என்ன பச்சை வண்டிக்குத் தாலியா கட்டியிருக்கான்? ஓடாத வண்டியை இத்தனை வருஷம் ஓட்டினதே பெரிசு" என்று சண்டைக்குப் போனேன்.

எப்போதும் இரண்டு பக்கமும் கிண்டிவிட்டு வேடிக்கை பார்க்கிற நிமிஷத் தம்பி, அன்று குழாயில் காற்றுக் குமிழி இருக்கிறதா என்று தட்டிக்கொண்டே, "போகக் கூடாதுக்கா" என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது. "அங்க அவனை நம்பி எத்தனை பேர் இருக்காங்க. திடீர்னு விட்டுட்டுப் போனா அவங்க என்ன ஆவாங்க?" சொல்லிவிட்டு, ஏதோ வேலை இருப்பது போல வெளியே போய்விட்டான். ஒரு கார் ஓட்டுகிறவனுக்காக இவன் ஏன் இப்படி முகம் வாடிப்போகிறான் என்று எனக்குப் புரியவில்லை.

புரிய வைத்தது பெரிய சிஸ்டர். கையில் கட்டைச் சரிசெய்ய வந்தவர் தானாகவே பேச்செடுத்தார். நிமிஷத் தம்பியின் மனைவி வேறு ஊரில் பள்ளிக்கூட டீச்சர். மாற்றல் கிடைக்காத வேலை. குழந்தையும் அவளோடுதான். இவன் இங்கே ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு ஒற்றை அறையில் இருக்கிறான். சனிக்கிழமை எங்களை அனுப்பிவிட்டு பஸ் ஏறி, வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு போய், ஞாயிற்றுக்கிழமை குழந்தையை மடியில் வைத்துப் பந்தயம் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை திரும்ப வாந்தி எடுத்துக்கொண்டு வருவான். அந்த ஊர் ஆஸ்பத்திரியிலேயே டயாலிசிஸ் பிரிவுக்கு அவனைக் கூப்பிடுகிறார்கள். ஏற்கெனவே இரண்டு தடவை மாட்டேன் என்று சொல்லிவிட்டானாம். இந்த மாதத்தோடு அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். "பொண்டாட்டி போன்ல அழுவுது. இவன் கேட்டாத்தானே" என்றார் சிஸ்டர்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நாலு பேரும் மெஷினில் ஏறும்வரை பொறுத்திருந்தேன். ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது அவன் அறையை விட்டு ரொம்ப நேரம் போயிருக்க முடியாது. வசமாக மாட்டினான்.

"ஏன்டா, பொண்டாட்டி புள்ள இருக்கற ஊர்ல வேலை வந்தா வேணாம்னு சொல்றியாமே. உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

அவன் முகம் செத்துப்போனது. "சிஸ்டர் சொன்னாங்களா? ஒரு நிமிஷம்..."

"ஒரு நிமிஷமும் கிடையாது. இப்பவே சொல்லு."

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு அறையின் நடுவில் உட்கார்ந்தான். இதற்கு முன் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் கடிகாரம் ரிப்பேர் செய்கிற ஒருவர் அவனிடம் வந்துகொண்டிருந்திருக்கிறார். தனி ஆள். இவனோடு பேசுவதற்காகவே வருவார். பந்தயம் பற்றி இவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். இவன் இந்த ஊருக்கு மாறி வந்ததும், புது ஆளிடம் ஒட்டாமல், அவர் முதலில் செவ்வாய்க்கிழமைகளில் வருவதை நிறுத்தியிருக்கிறார். அப்புறம் ஒரேயடியாக நிறுத்திவிட்டார். "ஒரு மாசம்கூட ஆகல அக்கா. படுக்கை காலியாயிடுச்சுன்னு போன்ல சொன்னாங்க. நான் மாறாம இருந்திருந்தா அவர் இருந்திருப்பார்."

மெஷின்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

"இங்க யாரு நிறுத்திடுவாங்கன்னு பயப்படற?" என்று கேட்டேன்.

அவன் தரையைப் பார்த்தான். டாக்சி அண்ணன் கூரையைப் பார்த்தார். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜெராக்ஸ் பெண் மட்டும் நேராக என்னைப் பார்த்தாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். 'என்னை என்ன சின்னப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டானா?' என்று. அப்புறம் தோன்றியது, நிறுத்தப் போகிறேன் என்று நான் சொன்னது வீட்டுக்காரரிடம் மட்டும்தான். அந்தச் சனிக்கிழமை கீழே உட்கார்ந்திருந்த மனுஷன் யாரிடம் போய் அழுதிருப்பார் என்று இப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்காக ஒருவன் தன் குடும்பத்தை வேறு ஊரில் வைத்துக்கொண்டு இத்தனை நாளாக ஒற்றை அறையில் சமைத்துத் தின்றிருக்கிறான். அதை நினைத்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை.

அப்போது ஜெராக்ஸ் பெண் வாயைத் திறந்தாள். அவள் இரண்டு வாக்கியம் சேர்த்துப் பேசி நான் கேட்டது அன்றுதான். "அண்ணா, உங்க பாப்பா உங்களை மாமான்னுதான் கூப்பிடுதாம். வாரத்துக்கு ஒரு தடவை பை எடுத்துட்டு வர்றவங்க எல்லாரும் மாமான்னு நினைச்சிட்டிருக்காம். சிஸ்டர் சொன்னாங்க."

அவன் எழுந்து வாத்தியாரின் மெஷினைப் பார்க்கப் போனான். அந்த மெஷினில் பார்க்க எதுவும் இல்லை.

"இங்க வாடா" என்றேன். வந்தான். "நீ போனாலும் நான் வருவேன். செவ்வாய்க்கிழமை, வியாழன், சனி. மழை பேஞ்சாலும் வருவேன், புதுசா வர்றவங்க கையைக் குத்திக் கிழிச்சாலும் வருவேன்."

"சத்தியமாவா அக்கா?"

"சத்தியமெல்லாம் பண்ற பழக்கம் எனக்கில்ல. என் கடையில ஒருத்திகிட்ட செவ்வாய்க்கிழமை தர்றேன்னு சொன்னா செவ்வாய்க்கிழமை தந்துடுவேன். அந்த மாதிரி சொல்றேன்."

"அய்யய்யோ" என்றார் டாக்சி அண்ணன். "தையல்காரங்க சொன்ன தேதியில குடுத்ததா சரித்திரமே இல்லையே!"

சிரிப்பு வெடித்தது. மூன்று மெஷின்கள் ஒரே நேரத்தில் கத்தின. நிமிஷத் தம்பி ஒவ்வொன்றாக ஓடி ஓடி அமர்த்தினான். கண்ணைத் துடைத்துக்கொண்டது சிரிப்பினாலா வேறு எதனாலா என்று நான் கேட்கவில்லை. "நான் குடுப்பேன்" என்றேன் திரும்பவும், சிரிப்பு அடங்கிய பிறகு. "எனக்கு நீ குடுத்த தண்ணிக்கு நான் வேற எதைத் தரமுடியும்? நீ போ. குழந்தை அப்பான்னு கூப்பிடட்டும்."

போனான். கடைசிச் சனிக்கிழமை அவன் எந்தப் பிரசங்கமும் செய்யவில்லை. எல்லோரிடமும் ஆருடம் கேட்டான், ஊசி போட்டான். எங்கள் வேலை முடிந்ததும் ஒவ்வொருவர் கையிலும் விரலை வைத்து உறுமலைப் பார்த்தான். என் கையில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தான். வீட்டுக்காரர் அவனுக்குப் பேருந்தில் சாப்பிட ஒரு பை நிறைய எலுமிச்சை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். பையை வாங்கிக்கொண்டு அவர் தோளில் சாய்ந்து அழுதான். அவரும் அழுதார். இரண்டு ஆண்பிள்ளைகள் லிஃப்டை மறித்துக்கொண்டு நின்று அழுததில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் சத்தம் போட்டார்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமையைச் சொல்ல வேண்டும். காலையில் எழுந்தேன். முகம் வீங்கியிருந்தது. மூச்சு கனத்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, வா என்றும் சொல்லாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல் வாசலில் நின்றார். நான் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆளே போய்விட்டான், இனி யாருக்குத் தெரியப்போகிறது? இன்றைக்கு ஒரு நாள் போகாவிட்டால் குடியா முழுகிவிடும்? உடம்பு அப்படித்தான் பேசியது. உடம்பு எப்போதும் அந்தப் பக்கம்தான். நான் செருப்புக்குள் காலைத் திணித்தேன். நுழையவில்லை. வீட்டுக்காரரின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். நன்றிக்கடன் என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது, அடுத்தவர் செருப்பில், மழையில், முணுமுணுத்துக்கொண்டே போவது.

புது டெக்னீசியன் ஒரு சின்னப் பெண். முதல் ஊசி சரியாக விழவில்லை. "சாரிக்கா, சாரிக்கா" என்று அவள் கண் கலங்கிவிட்டது. "பரவால்லம்மா, இன்னொரு தரம் போடு, நான் எங்க ஓடிடப் போறேன்" என்றேன். இரண்டாவது தடவை விழுந்தது. ரத்தம் குழாயில் சிவந்து ஏறி மெஷின் சுற்ற ஆரம்பித்தது. டாக்சி அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தவர் அவர்தான். கோப்பையைக் கேட்க அவருக்கு மனமில்லை.

எல்லோரையும் ஏற்றி முடித்து அவள் மூச்சு விட்ட நேரத்தில், கதவருகே இருந்த போன் அடித்தது. எடுத்தாள். "ஆமா சார், டயாலிசிஸ்தான். நான் புதுசு சார்." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அவள் திரும்பி அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஜன்னலோரம் பெண், வாத்தியார், அண்ணன், நான்.

"நாலு பெட்டும் நிறைஞ்சிருக்கு சார்" என்றாள்.

கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். பிறகு வைத்துவிட்டு, குழப்பத்தோடு எங்களைப் பார்த்தாள்.

"யாரும்மா?" என்றார் வாத்தியார்.

"பேர் சொல்லல சார். நாலு பெட்டும் நிறைஞ்சிருக்கான்னு மட்டும் கேட்டார். நிறைஞ்சிருக்குன்னு சொன்னதும் பேச்சையே காணோம். அழற மாதிரி இருந்துச்சு." அவள் என்னிடம் வந்தாள். "நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனாக்கா?"

"இல்லம்மா" என்றேன். "சரியாத்தான் சொன்னே."